பாவத்துக்கு மெட்டு

பென்சில் என்றால் அந்த வட்டாரத்து அச்சகங்களில் எல்லாருக்கும் தெரியும். ஆள் ஒல்லி, உயரம், காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. பல் மருத்துவருக்கு ஈறு, உரக் கம்பெனிக்குப் புழு, ஒன்றாம் வகுப்புக்கு அணில் என்று யார் எதைக் கேட்டாலும் வரைந்து தருவான். ஈறு, புழு, அணில் மூன்றுக்கும் ஒரே சிரிப்பைப் போடுகிறான் என்பது மட்டும்தான் அவன்மேல் இருந்த புகார்.

அவனுடைய அக்கா ஒரு கத்தோலிக்கரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களையே பக்தியில் முந்திவிட்டவள். மறைக்கல்வி அலுவலகத்தில் வேலை. பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பீரியட் நடக்கிற ஞானோபதேச வகுப்புக்குப் பாடம் எழுதுவது. ரொம்ப காலமாக ஒரே கேள்வி பதில் புத்தகத்தைப் பிள்ளைகள் உருப்போட்டு, பதிலை ஒப்பித்து, கேள்வி என்ன என்பதை மறந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக மூன்றாம் வகுப்புக்கென்று அக்கா ஒரு பெட்டி தயார் செய்தாள். இருபத்து நான்கு பட அட்டைகள், ஒரு விளையாட்டு, ஆசிரியருக்கு ஒரு கையேடு. மூன்று வருஷ உழைப்பு. இனி ஒரே ஒரு கையெழுத்துதான் மிச்சம்.

அந்தக் கையெழுத்து அரைப்புள்ளி ஃபாதருடையது.

பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. அந்த அலுவலகத்திலிருந்து எது அச்சுக்குப் போனாலும் 'அச்சிடலாம்' என்று அவர் எழுதித் தந்தாக வேண்டும். போன வருஷம், அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கால்புள்ளி இருந்தது என்று ஒரு ஜெபப் புத்தகத்தை ஏழு மாதம் திண்டாட விட்டவர். வெள்ளிக்கிழமை அவரே பள்ளிக்கு வந்து, அந்தப் பெட்டியை வைத்து வகுப்பு நடப்பதைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அங்கேயே கையெழுத்து. பிடிக்கவில்லையென்றால் பழைய கேள்வி பதிலே இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓடும்.

பிள்ளைகளுக்குப் பழக்கமாகட்டும் என்று பெட்டியை முந்தின வாரமே பள்ளிக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையையும் அக்கா பார்த்துத்தான் அனுப்பினாள். பதினேழாவது மட்டும் வண்ணம் காயவில்லை என்று, பென்சில் அதை மறுநாள் நேரே வகுப்பில் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் மேஜையில் கிடந்த அதன் நகலை அக்கா முதன்முதலாகப் பார்த்தது புதன்கிழமை மத்தியானம்.

"டேய், யார்டா இது?"

"பதினேழு. பாவசங்கீர்த்தனம்."

"அது தெரியுது, மேலயே எழுதியிருக்க. இந்த ஆளு ஏன் ஆர்மோனியம் வாசிக்கிறாரு?"

"பின்ன? சங்கீர்த்தனம்னா சுருதி இல்லாமலா?"

அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். படத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வாய்கொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தார். பாவங்கள் கறுப்புக் கறுப்பாக வாயிலிருந்து கிளம்பி, மேலே போகப் போக வெளுத்து, கூரைக்குப் பக்கத்தில் புறாக்களாகிப் பறந்தன. பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட குருவானவர் தொடையில் தாளம் போட்டார். தம்பி இதுவரை வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்பது அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அறிவுகெட்டவனே, அதுல பாட்டே கிடையாதுடா. செஞ்ச தப்பைச் சாமியார்கிட்ட வாயால சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்றதுக்கு எதுக்குக்கா கீர்த்தனம்னு பேரு?"

"நானா வச்சேன்? எங்க மாமியாரோட மாமியார் காலத்துலயே அப்படித்தான். மத்த இருபத்து மூணுக்கும் போன் பண்ணிப் பண்ணி என் உயிரை வாங்கினியே, இதுக்கு மட்டும் ஏன்டா கேக்கல?"

"இது எனக்குத் தெரிஞ்ச வார்த்தைன்னு நினைச்சுட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பென்சிலிடம் இன்னொரு கேள்வி இருந்தது.

"சரி, எங்க வச்சுச் சொல்லுவாங்க?"

"தொட்டியில."

"தொட்டியிலயா!" பென்சில் காதில் இருந்ததை எடுத்துக்கொண்டான். "தண்ணி எவ்வளவு இருக்கும்? இடுப்பளவா?"

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது மரத்தால் செய்த ஒரு கூண்டு என்பதையும், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்பதையும், அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீ காதால கேட்டு வரைஞ்சது போதும். பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் கோயில். போய்க் கண்ணால பார்த்துட்டு வா. வெள்ளிக்கிழமை காலைல பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிடலாம். அரைப்புள்ளிக்கு மட்டும் தெரிஞ்சுது, மூணு வருஷமும் போச்சு."

வியாழக்கிழமை பிற்பகல் கோயிலில் யாரும் இல்லை. தொட்டி ஓர் ஓரமாக, மூன்று கதவு வைத்த பீரோவைப் போல நின்றது. நடுவில் உட்காருவதற்கு ஓர் இடம். இரண்டு பக்கமும் மண்டியிட ஆளுக்கொரு பலகை. நடுவே தடுப்பாகத் துளை போட்ட மரத்தகடு. பென்சில் மண்டியிட்டுப் பார்த்தான். பலகையில் யார் யாருடைய முழங்கால்களோ சேர்ந்து இரண்டு குழி தோண்டி வைத்திருந்தன. அவன் முழங்கால்கள் அளவெடுத்தது போல அதில் போய் உட்கார்ந்தன. தகட்டில் நெற்றி படுகிற இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. இத்தனை பேர் இவ்வளவு நெருங்கி வந்து என்னதான் சொல்லியிருப்பார்கள்? கறையை வரைந்தான். துளைகளை எண்ணி வரைந்தான். எதிர்ப் பக்கத்துப் பலகையிலும் மண்டியிட்டுப் பார்த்தான். அங்கே இடது குழி கொஞ்சம் ஆழம்.

நடுக் கதவுதான் பாக்கி. உள்ளே ஒரு மெத்தை வைத்த நாற்காலி, கைக்கடக்கமான ஒரு மின்விசிறி, இருமல் மிட்டாய் டப்பா. இங்கே உட்காருகிறவருக்கு என்ன தெரியும்? முகமா, வாயா, வெறும் துளையா? பார்க்காமல் எப்படி வரைவது? பென்சில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

பக்கத்துப் பலகை கிறீச்சிட்டது.

"ஃபாதர், இது நெசம் இல்ல. ஒத்திகைதான்." முன்பல் இரண்டும் இல்லாத குரல், 'ஒத்திகை' முழுக்கக் காற்றாகவே வந்தது. "சனிக்கிழமைதான் எங்களுக்கு முதல் தடவை. சார்தான் தனித்தனியாப் போய்ப் பழகிக்கச் சொன்னாரு."

எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். இருந்தால் இவன் பாதிரியார். இரண்டில் எது மோசம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தக் குரல் பாட ஆரம்பித்துவிட்டது.

"ஓர் பொய் சொன்னேன், ஒண்ணு...
தம்பியைக் கிள்ளினேன், ரெண்டு...
மருந்தைச் செடிக்கு ஊத்தினேன், மூணு..."

பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற மெட்டு. சந்தேகமே இல்லை. ஆனால் மெட்டு ஒரு தெருவில் போனது, குரல் அடுத்த தெருவில் போனது. மூன்றுக்குமேல் இரண்டுமே நின்றுவிட்டன. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஃபாதர், எனக்குப் பாட்டு வராது. நான் பாடினா கிளாஸே சிரிக்குது. பாட்டு வராதவங்களுக்குப் பாவம் போகாதா?"

'போகும்' என்று தொண்டையைக் கனைத்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அதைச் சொல்ல அவன் யார்? உரக் கம்பெனிக்குப் புழு வரைகிறவன். பென்சில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"நான் ஃபாதர் இல்லம்மா. படம் வரையறவன்."

அவள் எழுந்து நின்று அவனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். வகுப்பில் ஓட்டைப்பல் என்று கூப்பிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. முகத்தில் பயம் இல்லை, கோபம்தான்.

"அப்ப எதுக்கு உள்ள உக்காந்தீங்க?"

"சும்மா பார்க்கத்தான்."

"என் பாவத்தையா?"

"ஐயோ, இல்லம்மா. நாற்காலியை."

"எவ்வளவு கேட்டீங்க?"

"மூணு வரைக்கும்."

"நல்லவேளை," என்றாள். மேற்கொண்டு எத்தனை இருந்தது என்று அவள் சொல்லவில்லை.

பென்சில் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தான். "இங்க பாரு, அந்த ஆர்மோனியப் படம் வரைஞ்சது நான்தான். தப்பா வரைஞ்சுட்டேன். பாடவே வேணாம். சொன்னாப் போதுமாம்."

"நீங்க ஃபாதர் இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் உங்க பேச்சை எப்படிண்ணா நம்புறது? படத்துல இருக்கு, சாரும் சொன்னாரு. முப்பத்தாறு பேருக்கும் மெட்டுப் போட்டு, மாதிரிக்கு ஒரு பாட்டும் குடுத்துட்டாரு. அவங்கவங்க பாவத்தை அதுல போட்டுக்கணும்."

சார் என்பவர் கணக்கு வாத்தியார், கத்தோலிக்கர் இல்லை. ஞானோபதேச டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த பீரியட் அவர் தலையில் விழுந்தது. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே நடத்துவது அவர் கொள்கை. பென்சில் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் ஆடிப்போனார். ஆனால் பள்ளி விட்டுப் பிள்ளைகள் கலைந்தாயிற்று. மறுநாள் முதல் பீரியடே ஃபாதர்.

"அட்டையை மாத்திட்டா மறந்துடுவாங்களா சார்?" என்று கேட்டான் பென்சில்.

"நான் சொல்லிக்குடுத்த மெட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் மறந்ததில்ல தம்பி," என்றார் கணக்கு வாத்தியார். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அக்கா போனில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். புதுப் பதினேழாவதை மாட்டு, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்காதீர்கள், தாண்டிப் போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை காலை புது அட்டை சுவரில் தொங்கியது. மரக்கூண்டு, முழங்கால் குழி, எண்ணெய்க் கறை, துளைகளை ஒட்டி மண்டியிட்டிருக்கும் ஒரு பெண், லேசாகத் திறந்த வாய். புறா இல்லை. அரைப்புள்ளி ஃபாதர் சின்ன உருவம், சட்டைப்பையில் சிவப்புப் பேனா. கடைசி பெஞ்சில் அக்காவுக்கும் பென்சிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு நன்றாகவே போனது. விளையாட்டில் ஒருத்தன் தோற்று அழுதான், ஃபாதர் சிரித்தார். அவர் சிரித்ததை அக்கா இதற்குமுன் பார்த்ததில்லை. கணக்கு வாத்தியார் பதினாறிலிருந்து ஒரே தாவாகப் பதினெட்டுக்குப் போனார். எல்லாம் முடிந்து, ஃபாதர் கோப்பைத் திறந்து, பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பதினேழை விட்டுட்டீங்களே. அந்தப் படத்துல இருக்கற பொண்ணு என்ன செய்யுது, யாராவது சொல்லுங்க."

முப்பத்தைந்து வாய்கள் திறந்தன. கணக்கு வாத்தியாரின் வலது கை அவரைக் கேட்காமலே தாளத்துக்கு உயர்ந்தது.

"ஓர் பொய் சொன்னேன், ஒண்ணு! ஈர் அடி வச்சேன், ரெண்டு! முன்கோபம் வந்தது, மூணு..."

பத்துவரை போயிற்று. நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. பாடாமல் இருந்தது ஓட்டைப்பல் ஒருத்திதான். அவள் திரும்பிப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார் சொல்லிக்குடுத்தது?" என்றார் ஃபாதர்.

கணக்கு வாத்தியார் தாளம் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அக்கா பென்சிலைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஓட்டைப்பல் அவன்மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பென்சில் எழுந்தான், பெஞ்சில் முட்டி இடித்தது.

"நான்தான் ஃபாதர். பாவசங்கீர்த்தனம்னா பாட்டுன்னு நினைச்சு முதல்ல தப்பா வரைஞ்சுட்டேன். சாரு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்குடுத்தாரு."

"எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள்."

"வேற?"

"தெரிஞ்சதும் உங்களுக்குத் தெரியாம அட்டையை மாத்திட்டோம்."

"அடுத்தவங்களை இழுக்காதீங்க தம்பி. உங்களோடதை மட்டும் சொல்லுங்க."

"மாத்திட்டேன்."

"வேற?"

பென்சில் தலையைச் சொறிந்தான். "தொட்டிக்குள்ள உக்காந்தேன். நடுவுல. ஒரு பிள்ளை ஒத்திகைக்கு வந்துச்சு. உடனே எழுந்திருக்கல. கொஞ்சம் கேட்டுட்டேன்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையில் ஓட்டைப்பல்லின் கை உயர்ந்தது.

"ஃபாதர், இப்ப இந்த அண்ணா செஞ்சாங்களே, இதுதானா அது?"

"கிட்டத்தட்ட," என்றார் ஃபாதர். "இங்க தொட்டி இல்ல, எல்லாரும் கேட்டுட்டு இருக்கோம், இவரும் நம்ம கோயில் ஆள் இல்ல. மத்தபடி இப்படித்தான் சொல்லணும்."

"சுருதியே இல்லாமச் சொன்னாங்க."

"சுருதியே வேணாம்மா. எடுத்துச் சொல்றதுன்னு அந்தச் சொல்லுக்கு அர்த்தம்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "அட்டைக்குப் பின்னாடி அந்த ஒரு வரியைப் போட்டிருந்தா இந்தக் கச்சேரியே நடந்திருக்காது."

"போட்டுடறேன் ஃபாதர்," என்றாள் அக்கா. "கையெழுத்து..."

ஃபாதர் பேனாவை மூடினார். "இன்னைக்கு இல்ல. ஒரு தடவை பதிஞ்ச மெட்டு லேசுல போகாது. நாளைக்கு நான்தான் தொட்டியில உக்காரப் போறேன். எத்தனை பேர் பாடுறாங்க, எத்தனை பேர் சொல்றாங்கன்னு எண்ணி எழுதி வைக்கிறேன். ஒருத்தர் பாடினாலும் பெட்டி திரும்பிப் போகும்."

அக்கா கோப்பைப் பார்த்தாள். முப்பத்தாறு பேரில் ஒருத்தர்கூடப் பாடாமல் இருப்பார்களா? பென்சில் பிள்ளைகளைப் பார்த்தான். இரண்டு பேர் இப்போதே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசைக் கை மறுபடி உயர்ந்தது.

"என்னம்மா?"

"ஃபாதர், உள்ள நாங்க என்ன செஞ்சாலும் ஃபாதர் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சார் சொன்னாரு. அப்ப நீங்க எப்படி எண்ணி எழுதுவீங்க?"

கணக்கு வாத்தியார் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அக்கா மூச்சை இழுத்தவள் அதை விடவில்லை. பென்சிலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஃபாதரின் முகத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருப்பது தெரிந்தது, அதை வரைய வேண்டும்போல இருந்தது. வாழ்நாள் பூராவும் அடுத்தவர் வாக்கியத்தில் பிழை பிடித்த மனிதர், தான் சொன்ன வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க இருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

"கையேடு, முப்பத்தொண்ணாம் பக்கம்," என்றாள் அக்கா.

"யார் எழுதினது?"

"நான்தான் ஃபாதர்."

அவர் கையேட்டை வாங்கி முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். சிவப்புப் பேனா அந்தப் பக்கத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது, எதையும் அடிக்கவில்லை. கோப்பை மடியில் வைத்து 'அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியையும் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

"சரி, உக்காரும்மா," என்றார் முன்வரிசையைப் பார்த்து.

ஓட்டைப்பல் உட்காரவில்லை.

"ஃபாதர், நாளைக்கு வரிசையில நான் முதல்ல நிக்கட்டுமா?"