பட்டி பார்த்த மரம்

மேல் கிளையில் கயிறு கட்டியாகிவிட்டது. ரம்பத்துக்கு எண்ணெய் போட்டபடியே மரம் வெட்டுபவர் கேட்டார்: "புழு போட்ட துளை எங்கம்மா இருந்தது?"

தையல்காரி தண்டைத் தடவிப் பார்த்தாள். தகரக் கூரைக்குக் கீழே அவளுடைய மிஷின் ஓடுவதே இந்த மாமரத்து நிழலை நம்பித்தான். இது போய்விட்டால் வெயில் காலத்தில் அந்த அறையில் தைக்க முடியாது, வேகத்தான் முடியும்.

"இடுப்பு உயரத்துல நாலஞ்சு இருந்துச்சுண்ணே. தூள் தூளா கொட்டும். அப்புறம் தானா ஆறிடுச்சு. ஆனா இலை மட்டும் காஞ்சுக்கிட்டே போகுது."

"தானா ஆறுமா?" கணவன் சிரித்தான். "நான்ல சுவத்துக்குப் பூசற பட்டியை வச்சு அடைச்சேன்."

அவன் பெயிண்டர். கையில் பிரஷ் இருந்தால் சும்மா படுத்திருக்கும் பூனைக்கும் ஒரு கோட் அடித்துவிடுவான். ஓட்டைக்கு மட்டும் பட்டி வைத்தால் மேடு பள்ளம் தெரியுமென்று தண்டைச் சுற்றியே இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மிஞ்சிய வெள்ளையை அதன்மேல் அடித்திருந்தான். வெள்ளையடித்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "புழு உள்ளே இருக்கறப்பவேவா? ஊசியை உள்ளே வச்சுத் தைச்சிருக்கீங்களே."

அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மரம் வெட்டுபவர் தண்டில் காதை வைத்தார். "அரிக்குது. எடுத்துட்டா பொழைக்கலாம். விட்டா, ஒரு காத்துக்கு உங்க கூரை மேலதான் விழும். நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள எடுக்க முடியலைன்னா ரம்பத்தைப் போட வேண்டியதுதான்."

கணவன் பட்டித் தகடோடு ஓடிவந்தான். எங்கே சுரண்டுவது? எங்கு தொட்டாலும் ஒரே வழவழப்பு. பட்டி கல்லாக இறுகியிருந்தது. மொத்தத்தையும் பெயர்க்க ஒரு நாள் போதாது. ஊரெல்லாம் அவனுக்குப் பேர் வாங்கித் தந்த கை, இன்று அவனையே ஏமாற்றியது.

"தட்டிப் பாருங்க. பூச்சுக்கு உள்ள வெத்தா இருக்கான்னு சுவத்தைத் தட்டிப் பார்ப்பீங்கல்ல" என்றாள் அவள்.

விரல் முட்டியால் தட்டினான். டொக், டொக். கொஞ்சம் தள்ளி சத்தம் மாறியது. தகட்டால் குத்திப் பெயர்த்தான். காய்ந்த தூள்தான் உதிர்ந்தது. பழைய துளை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் ஈரத் தூள் வந்தது. நுனி வளைத்த சைக்கிள் கம்பியை அவள் உள்ளே விட்டாள். கம்பி போய்க்கொண்டே இருந்தது. அத்தனை தூரம் போகுமென்று அவள் நினைக்கவில்லை. மெத்தென்று எதிலோ முட்டியதும் திருகி இழுத்தாள். விரல் பருமனில் ஒரு வெள்ளைப் புழு வந்து விழுந்தது.

திரும்பி வந்தவர் மறுபடி காதை வைத்துக் கேட்டார். "இன்னொண்ணு இருக்கு" என்று கயிற்றைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே." கணவன் மண்டியிட்டு அடித்தண்டைத் தட்டினான். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. "இங்க. கீழ இன்னொண்ணு இருந்துச்சு, இங்கதான் கடைசியா வச்சேன்." தகட்டால் குத்திப் பெயர்த்தான்.

அவள் கம்பியை விட்டாள், திருகினாள், இழுத்தாள். இரண்டாவது புழுவும் வந்து விழுந்தது.

மரம் வெட்டுபவர் வெகுநேரம் தண்டிலிருந்து காதை எடுக்கவில்லை. பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, குழைத்த மண்ணை மேலே அப்பினார்கள். பழக்கதோஷத்தில் கணவனின் கை தகட்டைத் தேடியது. அவள் பார்த்தாள். அவன் தகட்டைக் கீழே போட்டுவிட்டு, விரல் தடம் பதிந்தபடியே மண்ணை விட்டுவிட்டான்.