ரைன் கரையினின்று எழுதிய மடல்

அறுவடை காணாமலே அழிந்த கோதுமை வயல்களையும், மணிகளை இறக்கிப் பீரங்கி வார்க்கக் கொண்டுசென்றமையால் ஊமையாய் நின்ற கோயிற் கோபுரங்களையும், தோற்றுத் திரும்பிய பிரெஞ்சுப் படையின் கிழிந்த கூடாரங்களையும் ஒருங்கே பனி போர்த்தியிருந்த கூதிர்க்கால வைகறை அது. எக்கரையில் எவர் மடியினும் எனக்கென் என்பதுபோல் ரைன் பேராறு ஒழுகிக்கொண்டிருந்தது. மன்னனைக் கொன்று மக்களாட்சி கண்ட நாடு, எல்லையில் அயல் வேந்தரோடும் உள்ளே தன்னோடும் பொருது இளைத்த ஆண்டு அது.

நூற்றுவர் தலைவன் அன்செல்ம், முரசின்மேல் தாள் விரித்து, தொலைவில் லிமூசின் மாநிலத்திலிருந்த தன் மனைவி ஒர்த்தான்சுக்கு எழுதிக்கொண்டிருந்தான். 'எதிரே நிற்கும் பகைவனை நான் அஞ்சவில்லை. முன்னேறு என்கிறது பாரிசின் ஓர் ஆணை. முன்னேறியவனைப் பிடி என்கிறது மற்றோர் ஆணை. வீரர்கள் காலில் வைக்கோல் சுற்றி நடக்கின்றனர். எம் தானைத்தலைவர் பின்வாங்கியதால் நாங்கள் உயிரோடிருக்கிறோம். அதற்காகவே அவரை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று விலங்கிட்டுக் கொண்டுபோயினர்.'

அவன்கீழ்ப் பணிபுரிந்த நரைமீசை வீரன் பர்னபே எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"தலைவரே, இதையெல்லாமா எழுதுறீங்க? கடுதாசிய பூரா பிரிச்சுப் படிக்கிறானுங்க. நல்லா இருக்கேன்னு ஒரு வரி போட்டு முடிங்க."

"சலிச்சுப்போச்சு பர்னபே. எதிரிக்கும் பயப்படணும், நம்மாளுக்கும் பயப்படணும். பொண்டாட்டிக்கு எழுதுறதுலயுமா?"

"கழுத்து ஒண்ணுதானே இருக்கு, அதான் சொன்னேன்."

அவ்வேளை, மூவண்ணக் கச்சை புனைந்த, பாரிசுப் பேரவை அனுப்பிய ஆணையர் வெர்னியோல், பல நாள் உறங்காது சிவந்த கண்ணராய்க் கூடாரம் புகுந்து, தானைத்தலைவர்மேல் எழுதிய குற்றச்சாட்டை நீட்டினார்.

"குடிமகனே, கையெழுத்துப் போடு."

"அவர் பின்வாங்கலேன்னா கையெழுத்துப் போட இங்க ஆளே இருந்திருக்காது."

ஆணையரின் பார்வை முரசின்மேல் விழுந்தது. மடலை எடுத்துப் படித்தார். அதை அவன்முன் திரும்ப வைத்தார்.

"இத எரிச்சுட்டு அதுல கையெழுத்தப் போடு. நான் எதையும் பாக்கல."

"அவர் தலைய வாங்க என் கையா? வேணாம். கடுதாசிய மட்டும் அனுப்பிவிடுங்க. நான் ஏன் வரலைன்னு அவளுக்குத் தெரியணும்."

"நான் எரக்கப்பட்டா தலைவெட்டுற மேடைக்கு அடுத்த வண்டியில நான் போவேன்யா," என்றார் ஆணையர், வெகுளியின்றி. பின்னர், 'என்னையும் பாரிசுக்குக் கொண்டுசெல்கின்றனர்' என்று அன்செல்ம் அடியில் ஒரு வரி சேர்க்க விட்டு, தம் கையாலேயே மடலுக்கு அரக்கிட்டு அஞ்சற்காரனிடம் தந்து, அதே கையால் அன்செல்மைச் சிறைப்பிடிக்கும் ஆணையையும் எழுதினார். பர்னபே தன் மரக்காலணிகளைக் கழற்றி, அன்செல்மை ஏற்றிய வண்டிக்குள் எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மடல் லிமூசினை அடைந்த நாளில், ரைன் கரையில் பிரெஞ்சுப் படை வென்றதென்ற செய்தியும் உடன் வந்தது. ஊர் மன்றில் ஆடினோர், "உன் வீட்டுக்காரன் செயிச்சுட்டானாம், வாடி ஆட!" என்று ஒர்த்தான்சை இழுத்தனர். அவளோ மடலை இருமுறை படித்து, மார்புக் கச்சில் செருகி, களிப்போரை விலக்கிக்கொண்டு பாரிசுச் சாலையில் நடக்கலானாள். அவள் சென்று சேருமுன்னரே அன்செல்முக்கு இட்ட மரணத் தீர்ப்பு நிறைவேறியிருந்தது. நாடு பிழைத்தது, அதனைப் பிழைப்பித்தவருள் எத்துணையோ பேர் அதன் வெற்றியைக் காணவில்லை. யாரைக் குறைசொல்வதென்றும் அறியாதவளாய், வந்த வழியே திரும்பி நடந்தாள் அவள்.