பத்தாம் மாடிப் பீர்க்கங்கொடி

கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் வால்டர். துக்கத்துக்கு வந்தவர்கள் அவருடைய கைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை பால்கனிக்குள் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலில் அவர் மனைவி மில்ட்ரெட் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தாள். காலையில் காபி டம்ளரைக் கழுவப் போனவள், குழாயடியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் டெக்ஸ்டர் துபாயிலிருந்து வந்து சேர வேண்டும், அடக்கம் நாளைக்கு.

"டாடி, கொடி கட்டியிருக்கற அந்த ரஸ்ஸிய அறுத்துட்டு கொடிய ஓரமா போட்டுரலாம். ஆளுங்க உக்கார ஜாகா இல்ல," என்றாள் மகள் ரெனிட்டா.

"வேண்டாம்."

"எவ்ளோ நேரம் புடிச்சிட்டு நிப்பீங்க?"

"நான் நிக்கறேன். நீ போம்மா."

ரெனிட்டா துண்டை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனாள். கண்ணாடி மேல் பனி படிந்துகொண்டே இருந்தது. அம்மாவின் முகம் மங்கும், இவள் துடைப்பாள், திரும்ப மங்கும். காலையிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை.

வால்டருக்கும் செடிகொடிக்கும் பெரிய உறவெல்லாம் கிடையாது. அது மில்ட்ரெடின் ராஜ்ஜியம். போபோடியில் ரயில் பாதையோரத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில், வாசலில் எண்ணெய் டின்களில் கத்தரியும் வெண்டையும் வைத்திருப்பாள். பீர்க்கு தகரக் கூரை மேல் ஏறிக்கொண்டு கிடக்கும். அங்கே வண்டும் பூச்சியும் தாமாகவே வந்து ஆக வேண்டியதை ஆக்கிவிட்டுப் போகும், இவள் பறித்தால் போதும். பக்கத்து வீட்டு சுஷ்மா பீர்க்கங்காயைத் தன் பாஷையில் "தோட்கா, தோட்கா" என்று கேட்டு வாங்கிப் போய், தோலை மட்டும் துவையலுக்குத் திருப்பிக் கொடுப்பாள். மழை பெய்யும், ரயில் போகும், கிண்ணத்தில் அந்தத் துவையல் இருக்கும். அதைவிடச் சந்தோஷமாக வால்டர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

ஹிஞ்சேவாடியில் மகள் வாங்கிய வீட்டுக்கு வந்த புதிதில், "மண்ணில்லாத எடத்துல எனக்கென்ன வேலை," என்று மில்ட்ரெட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு காலி பெயிண்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டாள். மாடி தாங்க வேண்டுமே என்று மண்ணைக் குறைத்து, தேங்காய்நார்த் தூளும் எருவும் கலந்து நிரப்பினாள். கொடி ஏறியது, பூத்தது. பிஞ்சுகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தன. பத்து மாடி ஏறி எந்தப் பூச்சி வரும் என்று அவளே கண்டுபிடித்து, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். சாயந்தரம் விரிந்த ஆண் பூவைப் பறிப்பாள். இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவாள். காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, "கல்யாணம் முடிஞ்சுது," என்பாள்.

பழகிய தொழில்தானே. கட்கி, போபோடி தமிழ்ச் சபைகளில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்தது. இன்று ஹாலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த இருதயராஜும் அப்படி மாட்டிவிடப்பட்டவர்தான். வருகிற வரனையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள்.

இந்த வருஷத்துக் கொடிதான் முரண்டு பிடித்தது. பூத்ததெல்லாம் ஆண் பூ. "அத்தனையும் மாப்பிள்ளைங்க. பொண்ணு ஒண்ணயும் காணோம்," என்று தலையில் அடித்துக்கொள்வாள். நேற்றுத்தான் முதல் பெண் மொட்டு அவள் கண்ணில் பட்டது, அடியில் விரல் நுனியளவு பீர்க்கங்காயோடு.

"ஏங்க, நாளைக்கு சாயந்தரம் விரிஞ்சிரும். எதிர் பில்டிங் கண்ணாடியில வெயில் விழுந்ததும் என்னை எழுப்பி விடுங்க. அசந்து தூங்கிருவேன். ஒரு சாயந்தரந்தான் அது, விட்டா போச்சு."

"சரி."

"சரிம்பீங்க, மறந்துருவீங்க."

"மறக்கமாட்டேன் மில்லி."

மறக்கிற ஆள்தான். பால், மருந்து, கல்யாண நாள் என்று எதை மறக்கவில்லை அவர்?

ஜெபம் முடிந்து பாட்டு தொடங்கியது. கீழே கம்பெனி வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் வெயில் விழுந்தது. வால்டர் குனிந்து பார்த்தார். மொட்டு விரிந்திருந்தது.

கொடியை மெதுவாக ஒரு நாற்காலி முதுகில் சாய்த்துவிட்டு ஹாலுக்குள் நடந்தார். பாடுகிறவர்களுக்கு நடுவில் புகுந்து பெட்டியருகே குனிந்தார்.

"மில்லி, வெயில் விழுந்துருச்சு."

பாட்டு தடுமாறியது. இருதயராஜ் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். "அண்ணே, வாங்க. கொஞ்சம் உக்காருங்க."

"உக்காரலாம். ஒரு வேலை இருக்கு. கூட வா."

இரண்டே ஆண் பூக்கள் விரிந்திருந்தன. முதல் பூ உரிக்கும்போதே நழுவி, கம்பிக்கு வெளியே விழுந்துவிட்டது. பத்து மாடியும் அது இறங்குவதை வால்டர் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொன்றும் போய்விட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று பயமாக இருந்தது.

"கொடிய அசையாம புடிச்சுக்க," என்றார்.

இருதயராஜ் பிடித்துக்கொண்டார். வால்டர் இரண்டாவது பூவை இடக்கையில் ஏந்தி, ஒவ்வோர் இதழாக உரித்தார். அவள் செய்வதைப்போலவே மெல்லத் தடவினார். சிவப்பு நூல்கண்டு பால்கனிக் கம்பியில் அவள் மாட்டியபடியே தொங்கியது. நூலைக் காம்பில் சுற்றிவிட்டார், முடிச்சு மட்டும் வரவில்லை. இருதயராஜ் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு முடிச்சைப் போட்டார்.

"அக்காவோட வேலையா அண்ணே?"

"ஆமா."

ரெனிட்டா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால்டர் பெட்டியிடம் திரும்பி வந்து, மில்ட்ரெடின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் கை வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. எடுத்தபோது ஈரக் கண்ணாடியில் விரல் பதிந்த இடத்தில் பூவின் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மறுபடி பனி படிந்தது. ரெனிட்டா துண்டோடு வந்து, அந்த மஞ்சளை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தாள்.