ஸியாரத்து வாசலில் கழற்றிய சட்டை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தப் பழமொழியே என்னை நினைத்துத்தான் உண்டானது என்பது என் மனைவி குணவதியின் எண்ணம். இலங்கையிலிருந்து திரும்பும்போது விமானத்திலும் அவளுக்கு அதே பேச்சுத்தான். சுஹைருக்கு முன்னால் ஸியாரத்தைப் பற்றி நான் மூச்சு விடக்கூடாது.

சுஹைரும் அவர் மனைவி ஸபீராவும் கனடாவில், ரூஜில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். எங்கள் பேரன் மிதுனன் ஏழு மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பனிக்காலத்தில் எனக்குக் கண் ஒப்பரேசன், கார் ஓட முடியாது. சுஹைர்தான் தன் தரை போடும் ஃபுளோரிங் வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார். ஸபீரா எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார். நான் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். பிள்ளை தப்பினான். இன்றைக்கு அவனைத் துரத்திப் பிடிக்க வீட்டில் ஆள் காணாது.

நாங்கள் ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போகிறோம் என்று தெரிந்ததும் ஸபீரா ஒரு பச்சைப் போர்வையோடு எங்கள் குசினிக்கு வந்தார். கிழக்குக் கரையில் அவருடைய ஊரில் அவுலியா என்னும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அடங்கிய ஸியாரம் இருக்கிறது. சாதி சமயம் பாராமல் சனம் போய்வரும் இடம். பிள்ளை சுகமாக வீட்டுக்கு வந்தால் அங்கே கபுறுக்கு, அதாவது சமாதிக்கு, போர்வை போர்த்துவதாக அவரும் அப்போதே நேர்ந்திருக்கிறார். ஆனால் சுஹைருக்கு ஸியாரம் என்றாலே பிடிக்காது. கபுறடியில் போய்க் கேட்பது மார்க்கத்துக்கு முரண் என்பவர். அவரிடம் சொல்லவும் பயம், முழங்கால் நோவோடு தனியாகப் போகவும் வழியில்லை.

"நேர்ச்சை தலையில நிக்குது அக்கா. புள்ளைக்கு ஒண்டும் வந்திரக் கூடா" என்று குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்கள் பிள்ளைக்காக அந்த மனிசி அழுததைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? வான் பிடித்துப் போனோம், போர்வையைப் போர்த்தினோம், ஓதிக் கொடுத்த கற்கண்டோடு திரும்பினோம்.

திரும்பியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை சுஹைர் வீட்டில் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். மிதுனன் சுஹைரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். எங்கட ஊர்ப் பக்கம் போனீங்களா, பள்ளிவாசலப் பாத்தீங்களா என்று சுஹைர் கேட்டார். பார்த்தோம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு நல்ல பகிடி இருந்தது, வாய் கேட்குமா?

கோயில் வாசலைக் கண்டால் என் கை தானாகவே சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும். அங்கேயும் போனது. நெற்றி நிறைய விபூதியும் வெறும் மேலுமாக நான் படியேற, உள்ளே நேர்ச்சைக்கு ஓதிக்கொடுக்க இருந்த லெப்பை ஓடிவந்து, இங்கே சட்டையைக் கழற்றுவதில்லை ஐயா, தலையைத்தான் மூடுவது என்று சொல்லித் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். கதையைக் கேட்டு சுஹைர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மெல்லச் சிரிப்பு நின்றது.

"பள்ளியில நேர்ச்சைக்கு ஓதுற லெப்பைக்கு என்ன வேல? நீங்க ஸியாரத்துக்கா போனீங்க அண்ணை? என்னத்துக்கு?"

குணவதி என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லத் தேவையில்லை. ஸபீரா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நேர்ந்தது நான்தான் என்று தானே சொன்னார்.

சுஹைர் மிதுனனை மடியில் சரியாக இருத்திக்கொண்டார். கேட்கிறதென்றால் அல்லாஹ்விடம் நேரே கேட்க வேண்டும், அதைத்தான் இன்றைக்கும் சொல்வேன் என்றார். குரல் உயரவில்லை. ஆனால் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று ஸபீராவைக் கேட்டபோது முகம் வாடியிருந்தது. எங்களுக்கு இவ்வளவு செய்த வீட்டுக்குள் நானே கலகத்தைக் கொண்டுவந்துவிட்டேன். கெடுத்த வாய்தான் பேசியாக வேண்டும்.

"தம்பி, ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில, அந்தக் குளிருக்குள்ள, நீங்கள் பாய் விரிச்சுத் தொழுதுபோட்டு எங்கட பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கேட்டதை நான் கண்டனான். அவ தனக்குத் தெரிஞ்ச இடத்தில கேட்டவ. ஆர் கேட்டுக் கிடைச்சதெண்டு எனக்குத் தெரியாது. நான் எல்லாருக்கும் நன்றி சொல்லத்தானே வேணும்?"

சுஹைர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அந்த லெப்பை வேறு ஒன்றும் கேட்கவில்லையா என்றார்.

"துஆ ஓதுறதுக்கு முன்னம், ஆரின்ர நேர்ச்சை எண்டு கேட்டவர். என்ர தங்கச்சி ஸபீராவின்ர எண்டு சொன்னன். என்ர நெத்தியை ஒருக்காப் பாத்தார், ஓதத் தொடங்கிற்றார்."

ஸபீரா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கூடப் பிறந்த ஆண்கள் அவருக்கு இல்லை. சுஹைரும் எழுந்து பின்னால் போனார். உள்ளே என்ன பேசினார்களோ, எங்களுக்குக் கேட்கவில்லை. மிதுனன் குணவதியின் பைக்குள் இருந்த பொட்டலத்தைப் பிரித்து ஸியாரத்துக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவோமா என்று குணவதி கண்ணால் கேட்டாள்.

அப்போது சுஹைர் சோற்றுத் தட்டோடு வந்தார். இத்தனை வருடமும் என்னை அண்ணை என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர்.

"மச்சான், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். சட்டையக் கழட்டாம வந்து இருங்க."

நான் போய் இருந்தேன்.