பழைய பச்சையும் புது வெள்ளையும்

நான் ஓட்டிய பழைய காடிக்கும் இப்போது ஓட்டும் புதுக் காடிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிறார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்கிறார்கள், பெட்ரோல் நிலையத்தில் கேட்கிறார்கள், வேலையிடத்தில் பக்கத்து மேசை வாசுகி வாரம் தவறாமல் கேட்கிறாள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். பழைய பச்சைக்குத் துணிக்கூரை, புது வெள்ளைக்கு இரும்புக்கூரை. பச்சையில் கிளட்சை மிதித்து மிதித்து என் இடது முட்டி தேய்ந்தது, வெள்ளையில் இடது கால் சும்மா தூங்குகிறது. மழை பெய்தால் பச்சை ஒழுகும், வெள்ளைக்குள் ஒரு சொட்டு வராது. இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்புறம் என்ன ஐலீன், புதுசுதான் நல்லது லா" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு என்னத்துக்குக் கேட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

உண்மையான வித்தியாசத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பச்சை, கல்யாணத்துக்கு முன்பு நானே உழைத்து வாங்கியது. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் லேப்பில் எனக்கு வேலை. "பொம்பளப் பிள்ளைக்கு ரெண்டு சீட்டுக் காடி எதுக்குடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எதுக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் காடி வைத்திருக்கிறவள் சம்பளமில்லாத டாக்சிக்காரி. பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, மாமாவை பஸ் நிலையத்தில் விடு, கல்யாண வீட்டுக்கு நாலு பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு வா. இரண்டே சீட்டு என்றால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே வாங்கினேன். கூரையை மடக்கிவிட்டு ஓட்டினால் தலைக்கு மேலே ஆகாயம், பக்கத்தில் யாரும் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பிறகு யூஜினைக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது சீட்டில் அவர் வந்து உட்கார்ந்தார்.

யூஜினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, என் கஷ்டமே அதுதான். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் நசுங்கி மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கும் சேர்த்துச் சமைப்பார். ஆனால் நான் எங்கே கிளம்பினாலும் "நானும் வரேன்" என்பார். மார்க்கெட்டுக்கு வருவார், பல் டாக்டரிடம் வருவார், நான் முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு நான் மட்டும் போயிட்டு வரேனே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "என் மேல ஏதாச்சும் கோவமா மா?" என்று கேட்டவர், அன்று சாப்பிடவே இல்லை. அடித்தால் போலீசுக்குப் போகலாம். அன்பு செலுத்துகிறவனை என்ன செய்வது?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி பட்டாலும் ஆபத்து என்று கேட்டிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். யூஜினும் நானும் இருக்கும் இடம் ஒருவருக்கொருவர் கைப்பேசியில் தெரியும்படி வைத்திருந்தோம், அவருடைய ஏற்பாடுதான் அது. வேலை முடிந்ததும் நான் கைப்பேசியை லாக்கரிலேயே விட்டுவிட்டு, பச்சையை எடுத்துக்கொண்டு கொங் கொங் பக்கம் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். கைப்பேசி ஆலைக்குள் நல்ல பிள்ளையாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பீசாங் கோரெங், அதான் பொரித்த வாழைப்பழம், தின்பேன். ஆள் யாரும் இல்லை, காதலும் இல்லை, யாராவது கற்பனை பண்ணினால் அவர்கள் பாடு. ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருப்பேன். பிறகு ஆலைக்குத் திரும்பி, கைப்பேசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

"ஓவர்டைம் ரொம்பக் கஷ்டமா மா?" என்று கேட்டபடி சாப்பாட்டை எடுத்து வைப்பார். "ஆமா" என்பேன். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி போவேன். அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் மிச்ச நேரத்தில் நான் நல்ல மனைவியாக இருந்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் பச்சை வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. யூஜின் வந்து பார்த்துவிட்டு அழுதார். சாலை ஓரத்தில், இழுக்க வந்த லாரிக்காரன் முன்னால், ஒரு ஆம்பிளை விசும்பி விசும்பி அழுதால் என்ன செய்ய முடியும்? சரி, விற்றுவிடலாம் என்று நானே சொன்னேன். சிம்பாங் ரெங்கத்திலிருந்து ரூபேந்திரன் என்று ஒருவர் வந்தார், அங்கே டியூஷன் சென்டர் நடத்துகிறவர். வாகனப் பதிவு அலுவலகமான ஜேபிஜேயில் பெயர் மாற்றும்போது என் பெருவிரலை நானேதான் அழுத்தினேன். "எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க அக்கா, நம்ம காடிதான்" என்று சொல்லி அவர் பச்சையை ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பதிலாக யூஜின் கொண்டுவந்து நிறுத்தியதுதான் வெள்ளை. "ஒனக்குப் புடிச்ச மாதிரியே ரெண்டு சீட்டு" என்றார். என்னிடமிருந்து எதையாவது பிடுங்கினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். கோயில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்சவ" என்றார்கள். இரும்புக்கூரை ஒரு பொத்தானில் திறந்து மூடியது. காடிக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது என்றும், எங்கே போனாலும் ஆப்பில் தெரியும் என்றும், பாதுகாப்புக்கு நல்லது என்றும் யூஜின் சிரித்த முகமாக விளக்கினார்.

முதல் வாரமே கொங் கொங் போனேன். ஆப் இருந்தால் என்ன, மனுசர் நாள் முழுக்க அதையா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். திரும்பி வந்து லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தால் ஒரு செய்தி இருந்தது. "அங்க கொசு அதிகமா இருக்கும். சீட்டுக்குப் பின்னால கொசு மருந்து வச்சிருக்கேன்." ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போனால் சுடச்சுடக் கோழிக்குழம்பு. அன்றோடு நான் ஆற்றங்கரைக்குப் போவதை விட்டேன். கொசு மருந்தை மடியில் வைத்துக்கொண்டு தனிமையில் உட்காருவது எப்படி?

அதற்குப் பிறகு வேலை, வீடு, கோயில், வேலை. வெள்ளைக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டியது. கூரையைத் திறந்தாலும் முட்டியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வாசுகியிடம் எரிந்து விழுந்தேன். பச்சை இருந்தபோது எனக்கென்று ஒரு இடம் இருந்தது, அதை என் விரலால் நானே அழுத்திக் கொடுத்துவிட்டேன் என்று ராவும் பகலும் அதே நினைப்பு.

யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன். பச்சையைத் திரும்ப வாங்கி, யூஜினுக்குத் தெரியாமல் ஆலையின் வாகன நிறுத்துமிடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையில் வேலைக்குப் போவேன், வேலை முடிந்ததும் வெள்ளை அங்கேயே நிற்கும், கைப்பேசி லாக்கரில் கிடக்கும், நான் பச்சையில் ஆற்றங்கரைக்குப் போவேன். இதை நினைத்த நாளிலிருந்து எனக்கு உயிர் வந்தது. லேப் தொலைபேசியில் ரூபேந்திரனைக் கூப்பிட்டேன். "வாங்க அக்கா, பேசுவோம்" என்றார்.

என் ஓய்வு நாளில், பாலோவில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று யூஜினிடம் சொன்னேன். சிம்பாங் ரெங்கம் வழியில்தான் இருக்கிறது, நடுவில் கொஞ்ச நேரம் நின்றால் தேநீர் குடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் லீவு கிடைக்காமல் வேலைக்குப் போயிருந்தார். அதுவே எனக்குப் பாதி வெற்றியாகத் தெரிந்தது.

ரூபேந்திரன் வீட்டு முன்னால், போர்ச்சுக்குக் கீழே பச்சை நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். வெள்ளையைச் சாலையோரத்தில் வெயிலில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தேன். இருக்கை என் உடம்பை இன்னும் மறக்கவில்லை. கியரைத் தொட்டதும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க ரூபேந்திரன்" என்றேன்.

"குடுக்கலாம் அக்கா. எனக்கும் முதுகு வலி, எறங்கி ஏற முடியல. ஆனா ரேடியோ மாத்திட்டேன், பரவாயில்லையா? பழசு கரகரன்னுச்சு." டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். "அத கழட்டுறப்பதான் உள்ளுக்கு அந்த டிராக்கர் இருந்திச்சு. கடைக்காரன் என்னமோ ஏதோன்னு பயந்துட்டான்."

"எந்த டிராக்கர்?"

"காடி எங்க இருக்குன்னு காட்டுமே, அந்தப் பொட்டி. நான் உங்க வீட்டுக்காரர் சாருக்குப் போன் அடிச்சேன். ஆமா, கல்யாணமான புதுசுல வச்சது, கழட்ட மறந்துட்டேன், தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னாரு. உங்க கிட்ட சொல்ல வேணாம்னாரு..." அவர் முகம் மாறியது. "அலமாக். சொல்லிட்டேனே."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். லாக்கரில் பூட்டிய கைப்பேசி. ஆற்றங்கரை. ஓவர்டைம் கஷ்டமா மா. ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்துவிட்டுச் சோறு போட்டிருக்கிறார். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறேன்.

"அக்கா," என்றார் ரூபேந்திரன் மெதுவாக, "உங்க காடி தானா ஸ்டார்ட் ஆவுது."

திரும்பிப் பார்த்தேன். சாலையோரத்தில், ஆள் இல்லாத வெள்ளை, விளக்கைச் சிமிட்டிவிட்டு உறுமத் தொடங்கியிருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. அது இப்படியெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

"யாரு உள்ளுக்கு?"

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

"எங்க?"

"சிங்கப்பூர்ல."

கைப்பேசியில் செய்தி வந்தது. "சிம்பாங் ரெங்கத்துல வெயில் கொளுத்துதாம். ஆப்புலயே ஏர்கோன் போட்டு விட்டிருக்கேன். மெதுவா பேசிட்டு வா."

பச்சையை விட்டு இறங்கி, வேலியோரம் நின்று ஆத்திரத்தோடு அவரைக் கூப்பிட்டேன். "பச்சையில என்னத்த வச்சிருந்தீங்க?"

"சொல்லிட்டாரா," என்றார். பிடிபட்டவன் குரல் இல்லை. பிறந்தநாள் பரிசை யாரோ முன்கூட்டியே பிரித்துவிட்ட மாதிரி ஒரு வருத்தம். "காடி திருடுறாங்கன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்கல்ல மா. அதுக்குத்தான் வச்சேன்."

"நான் கொங் கொங் போனதெல்லாம் தெரியுமா?"

"தெரியும். ஆத்தோரமா நிப்பாட்டுவ. மழை வந்தா கெளம்பிடுவ."

"ஓவர்டைம்னு உங்க கிட்ட பொய் சொன்னேன்."

"அதுவும் தெரியும் மா. ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டிருக்கேனா?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ போறத நிறுத்திடுவ. பாவம், அவளுக்கும் கொஞ்சம் காத்து வேணும்ல, போயிட்டு வரட்டும்னுதான் விட்டேன்."

விட்டாராம். "அப்ப அந்தக் கொசு மருந்து?"

"வெள்ளையில ஆப் இருக்குன்னு ஒனக்கே தெரியுமே. இனிமே எதுக்கு மறைக்கணும்னு வச்சேன்." அவர் அலுவலகத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிசம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் பேசினார். "பச்ச மேல அவ்ளோ ஆசையா? சொல்றதுக்கு என்ன? நானே ரூபேந்திரன் கிட்ட பேசி வாங்கித் தரேன். வீட்டுலதான் எடம் பத்தாது. ஒன் பிளான்ட்டுலயே நிப்பாட்டி வச்சுக்கலாம். வேலை முடிஞ்சி ஆத்துப் பக்கம் போறதுன்னா அதுல போ."

என் திட்டத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மண்டைக்குள் அவர் எதையும் பொருத்தி வைக்கவில்லை என்றும் எனக்குத் தெரியும். அவர் என்னை நேசிக்கிறார், அவ்வளவுதான். எனக்கு எது வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தோன்றிவிடுகிறது.

"ஐலீன்? வாங்கிடவா?"

"வேணாம்" என்றேன். "வச்சிடுறேன்."

ரூபேந்திரன் பச்சையின் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். "ஒரு ரவுண்டாச்சும் ஓட்டிட்டு வாங்க அக்கா. பக்கத்துல ரெங்கம் டவுன் வரைக்கும் போயிட்டு வாங்க."

அவர் முகம் பாவமாக இருந்தது, சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. சாவியை நான் வாங்கவில்லை. எங்கே ஓட்டிக்கொண்டு போவது? நான் தொலைந்து போயிருந்ததாக நினைத்த அந்த ஒரு மணி நேரமும் யூஜின் கொடுத்ததுதான். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்ததாக நான் நம்பிய ஒன்றே ஒன்று, அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

"காடிய நல்லா வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் நடந்தேன். வெள்ளை என்னைக் கண்டதும் பூட்டைத் தானே திறந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். உள்ளே குளிர், எனக்கு எந்த அளவு பிடிக்குமோ சரியாக அந்த அளவில் இருந்தது.