பெயிண்ட் படாத சுவர்

குமரேசன் ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிவப்புப் பெயிண்ட் டப்பாவுடன் ஒருவன் தெருவுக்குள் வந்தான். அவனுக்குப் பின்னால் அளவு நாடா பிடித்த இரண்டு பேர், அவர்களுக்கும் பின்னால் குடை பிடித்தபடி ஓர் அதிகாரி. ஏரிக்கரையின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். அளப்பதும், தங்களுக்குள் பேசிக்கொள்வதும், சுவரில் ஒரு பெருக்கல் குறி போடுவதுமாக வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. பெண்கள் வாசலில் இறங்கி நின்று, தங்கள் வீட்டுச் சுவரை யாரோ ஒருவருடைய சுவரைப்போலப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு ஜான்சியின் சுவரில் குறி விழுந்தது. அடுத்தது குமரேசன் வீடு. நாடாக்காரர்கள் சுவரருகே வந்து நின்றார்கள். அதிகாரி செல்போனில் எதையோ பார்த்தார். பிறகு குமரேசனைப் பார்த்தார். பெயிண்ட்காரனிடம் ஏதோ முணுமுணுக்க, அவன் பிரஷ்ஷைத் தொங்கவிட்டபடி அந்த வீட்டைத் தாண்டிப் போய் அதற்கடுத்த வீட்டில் குறி போட்டான். வழியெல்லாம் மண்ணில் சிவப்புச் சொட்டுகள் விழுந்தன.

ஜான்சியின் வீட்டைவிடக் குமரேசனின் வீடுதான் ஏரிக்குள் அதிகம் தள்ளி நின்றது. மழைக்காலத்தில் அவன் வீட்டுப் பின்சுவரைத்தான் தண்ணீர் முதலில் தொடும். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

"உங்களுக்குப் போடலியா அண்ணா?" என்றாள் ஜான்சி. அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"மறந்துட்டான் போலகீது" என்றான் குமரேசன். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

பம்மலில் அவனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் கட்சியையும் தெரியும். அவனுடைய அப்பா ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். நிலமெல்லாம் மனையாகிக் குடும்பம் கரைக்கு வந்தபோதும் அவர் விடாமல் வைத்திருந்தது கட்சியை மட்டும்தான். குமரேசன் ஓட்டுப் போடும் வயது வந்ததிலிருந்து அதே சின்னத்தைத் தவிர வேறெதிலும் விரல் வைத்ததில்லை. கட்சி தோற்ற வருஷங்களிலும், அவனுக்கே பிடிக்காத ஆளை நிறுத்திய வருஷங்களிலும் அப்படித்தான். கட்சி மாறுகிறவர்களைப் பற்றி ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெற்ற தகப்பனை மாற்றிக்கொள்கிறவர்கள் மாதிரி அவர்களைப் பார்ப்பான். கோயில், குலதெய்வம், கட்சி மூன்றும் அவன் கேள்வி கேட்கிற விஷயங்கள் இல்லை.

ஜான்சியின் குடும்பம் எப்போதும் எதிர்ப்பக்கம். அவள் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். அவள் புருஷன் ஜெபகுமார் தோல் பதனிடும் ஷாப்பில் பல வருஷம் ஊறவைத்த தோலை இழுத்து இழுத்து மூச்சுக் கெட்டு, இப்போது வீட்டிலேயே மிஷின் போட்டு பெல்ட்டும் பர்ஸும் தைத்துக்கொண்டிருந்தான்.

போன சட்டமன்றத் தேர்தலில் ஏரிக்கரை வீடுகளைக் காலி செய்யப் போகிறார்கள் என்ற பேச்சுதான் தெருவில் பெரிதாக இருந்தது. கட்சியின் வட்டச் செயலாளர் கிட்டு, குமரேசனைக் கூப்பிட்டு, இந்தத் தெரு உன் பொறுப்பு என்று சொன்னார். தான் வந்து சொன்னால் அரசியல் பேச்சாகிவிடும், அவன் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் பேச்சு என்றார். குமரேசனுக்குப் பெருமையாக இருந்தது. கட்சி இருக்கிறவரை ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட மாட்டார்கள் என்று வீடு வீடாகச் சொன்னான். ஜான்சி மட்டும் உள்ளே போய் பைபிளை எடுத்துவந்து மிஷின்மேல் வைத்தாள். இதன்மேல் கை வைத்துச் சொல்லுங்கள், நாங்கள் போடுகிறோம் என்றாள். அவன் யோசிக்கவே இல்லை. கையை வைத்தான், சொன்னான். அவன் மனதார நம்பிச் சொன்ன சொல்தான் அது. ஜான்சியும் ஜெபகுமாரும் வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டை மாற்றிப் போட்டார்கள். கட்சியும் ஜெயித்தது.

பெயிண்ட் அடித்த அன்று மாலையே குமரேசன் கிட்டுவின் ஆபீசுக்குப் போனான். வாசல் பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். கிட்டு சந்தோஷமாக இருந்தார். டீ சொன்னார்.

"உன் வூட்ட வுட்டுட்டாங்க இல்ல? நான்தான் பேசுனேன். மேல எவ்ளோ பேஜார் தெரியுமா உனக்கு? நம்ம ஆளுப்பா, அப்பன் காலத்துக் கட்சிக்காரன்னு சொல்லி வாங்கிக் குடுத்தேன்."

மற்ற வீடுகளைப் பற்றிக் குமரேசன் கேட்டான். கோர்ட் உத்தரவு, ஏரி, வெள்ளம் என்று கிட்டு அடுக்கினார். அவர்களும் நமக்குத்தான் போட்டார்கள், நான் சொல்லிப் போட்டார்கள் என்றான் குமரேசன்.

"அப்ப இப்பவும் நீ சொன்னா கேப்பாங்க இல்ல?" என்றார் கிட்டு. "பெரும்பாக்கத்துல பில்டிங் வூடு குடுக்குறாங்க, கரன்ட்டு, லிஃப்ட்டு எல்லாம் கீது. கலாட்டா பண்ணாம வண்டியில ஏறச் சொல்லு. நீ சொல்லு கொமரேசா, உன் பேச்சுக்கு மரியாத கீது."

அப்படியானால் என் வீட்டையும் சேர்த்து இடியுங்கள் என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். டீ வந்தது. வாங்கிக் குடித்தான். சரிண்ணா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

வீட்டில் மனைவி தீபலட்சுமி அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அவள் கத்தவில்லை. அரிசி களைந்துகொண்டே பேசினாள். மகள் ஓவியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது, பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து எப்போது வந்து எழுதுவாள் என்று கேட்டாள். "நீ வாயத் தொறந்தா அவங்க வூடு நிக்குமா? நம்முளுதும் போவும், அவ்ளோதான்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக அவனுக்குப் படவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

இடிக்க வந்த அன்று போலீஸ் வேன்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டன. உள்ளே வர அவசியம் ஏற்படவில்லை. குமரேசன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சண்டை போட்டால் பெரும்பாக்கத்து வீடும் கிடைக்காமல் போய்விடும், இப்போது ஏறிக்கொள்ளுங்கள், பிறகு பேசி வாங்கலாம் என்றான். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போன அதே வரிசையில்தான் போனான் என்பது ஜான்சியின் வாசலுக்கு வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் ஏற்கெனவே சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். அவன் பேச ஆரம்பிக்கும்முன்பே, "தெரியும்ணா, ஏறிக்கிறோம்" என்றாள்.

லாரிகளில் எல்லாம் ஏற்றிய பிறகு ஜெபகுமாரின் தையல் மிஷினுக்கு இடமில்லாமல் போயிற்று. நான் கொண்டுவருகிறேன் என்று குமரேசன் அதைத் தன் ஆட்டோவில் ஏற்றினான். கிளம்பும்போது ஜேசிபி ஜான்சி வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளியது. சுவர் விழுந்த அதிர்வில் அவன் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிணுகிணுவென்று ஆடி நின்றது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரும்பாக்கத்தில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருந்தன. லிஃப்ட் ஓடவில்லை. குமரேசன் மிஷினின் இரும்புக் காலைத் தோளில் தூக்கிக்கொண்டு எட்டாவது மாடிவரை ஏறினான். மாடிக்கு மாடி ஜெபகுமார் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் குழாயில் காற்றுதான் வந்தது. மகள் ஜென்சி பள்ளிக்கூடப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலை ஷிஃப்டுக்கு எப்படிப் போவாய் என்று ஜான்சியிடம் கேட்டான். முதல் பஸ்ஸைப் பிடித்து மாறி மாறிப் போனாலும் ஆஸ்பத்திரியில் கையெழுத்து நேரம் தாண்டிவிடும் என்றாள். சூப்பர்வைசர் ஏற்கெனவே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னாள். குமரேசன் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான்.

"வுடுங்கண்ணா, உங்களையும்தான் ஏமாத்திட்டாங்க" என்றாள் ஜான்சி.

ஏமாற்றப்பட்டவனுடைய வீடு நின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. குமரேசன் மிஷினின் பெல்ட்டை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான். அவன் படியிறங்கக் கிளம்பியபோது வாசல்வரை வந்தாள்.

"வோட்டு இன்னும் பம்மல்லதான் கீது எங்களுக்கு. அடுத்த தபா யாருக்குப் போடட்டும்ணா?"

குத்திக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டு மாடியையும் இறங்கினான்.

அடுத்த மழைக்குள் கரையில் பேவர் பிளாக் கல் பதித்து நடைபாதை போட்டார்கள். விளக்குக் கம்பங்கள் வந்தன. அடுக்குமாடிகளிலிருந்து ஆட்கள் ஷூ போட்டுக்கொண்டு நடக்க வந்தார்கள். நேராக வந்த பாதை குமரேசனின் வீட்டை நெருங்கியதும் வளைந்து, சுற்றிப்போய் மறுபடி நேரானது. நடக்கிறவர்கள் அங்கே வரும்போது வீட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தீபலட்சுமி அந்தப் பக்கத்து ஜன்னலை நிரந்தரமாகச் சாத்திவிட்டாள்.

மாநகராட்சித் தேர்தல் வந்தபோது அந்த வார்டுக்குக் கிட்டுவே நின்றார். எதிர்க்கட்சியிலிருந்து பென்னி என்பவன் ஸ்டாண்டுக்கு வந்து குமரேசனிடம் தனியாகப் பேசினான். உங்கள் ஆட்கள் செய்த அநியாயத்தை நீங்களே மேடையில் சொன்னால் ஜனம் கேட்கும், எங்களோடு வாருங்கள் என்றான். ஏரியின் மறுகரைக் குடிசைகளை அகற்றியது பென்னியின் கட்சி ஆட்சியில்தான் என்பது குமரேசனுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்து, சட்டப்படிதானே செய்கிறார்கள் என்று பேசியவர்களில் அவனும் ஒருவன். மேடைக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆனாலும் பென்னி போன பிறகு அந்தப் பேச்சு அவனை விடவில்லை. மாற்றிப் போட்டால் என்ன என்று நினைத்துப் பார்த்தான். நினைத்ததற்கே உடம்பு கூசியது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தான். கரைக்கு வந்த புதிதில், பாய் போடுவதற்கு இடம் கொடுத்தது ஜெபகுமாரின் அப்பாதான் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. கட்சியைப் பற்றிச் சொன்ன அளவுக்கு அதையும் சொல்லியிருக்கிறார்.

தேர்தல் நாளன்று பள்ளிக்கூட வரிசையில் நின்றான். விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போய், தன் சின்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் தாண்டிக் கீழே போய் பென்னி கட்சியின் பொத்தானை அழுத்தினான். மிஷின் நீளமாகக் கூவியது. எல்லோருக்கும் கூவுகிற மாதிரிதான் கூவியது. அவனுக்கு மட்டும் அது வெளியே ரோடுவரை கேட்டது போலிருந்தது.

வெளியே பந்தலில் கிட்டு நின்றிருந்தார். தோளில் கை போட்டுப் பக்கத்தில் இருந்தவர்களிடம், இவன் குடும்பத்து ஓட்டை மட்டும் எண்ணாமலே நம்முடையது என்று எழுதிக்கொள்ளலாம் என்றார்.

"இன்னா கொமரேசா, குத்திட்டியா?"

"குத்திட்டேண்ணா" என்றான் குமரேசன். கை தோளிலிருந்து இறங்கும்வரை நின்றுவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தான்.

நடைபாதையோரம் ஒரு வேன் நின்றிருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து கிட்டுவின் ஆட்கள் ஏற்றிவந்த வேன். அங்கே வீடு கொடுத்தார்களே தவிர ஒதுக்கீட்டுப் பத்திரத்தை இன்னும் கையில் கொடுக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் அண்ணன் வாங்கித் தருவார் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டாயிற்று. டிரைவர் சாப்பிடப் போய்விட்டதால் பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். அவர்களிலிருந்து ஜான்சி பிரிந்து அவனிடம் வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். ஓவியாவுக்குப் பரீட்சையில் எவ்வளவு மார்க் வந்தது என்று விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா, கொஞ்சம் பாத்ரூம் போயிக்கட்டுமா? வெடிகாலைல கெளம்பினது. இங்க வேற வூடு இல்ல" என்றாள்.

போம்மா என்று ஒதுங்கி நின்றான். தீபலட்சுமி கதவைத் திறந்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். ஜான்சி போனதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மை காயாத விரல்களோடு பேவர் பிளாக் கல்லின்மேல் அவர்களாகவே வரிசையாக நின்றார்கள். நிற்கிற இடத்தில் யார் வீடு இருந்தது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. குமரேசன் மோட்டாரைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துப் பிடித்து உள்ளே வைத்தான். ஒவ்வொருத்தியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "போகட்டுமா அண்ணா" என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். அவன் ஒவ்வொருத்திக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.