நாற்பத்தொன்றாம் பை

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். மன்னார்குடிக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் என் உயிரை வாங்கியவர்தான், ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

என் பெயர் மலர்க்கொடி. நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். நான் தேடுவது ஈர மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை. பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. சர்க்கரை வியாதி இருந்து, காலில் புண்ணும் இருந்து, சேற்றிலும் இறங்கினால் சில பேருக்கு உள்ளே போய் நுரையீரலில் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு அப்படியே காசநோய். காசநோய் மாத்திரைக்கோ அசைந்து கொடுக்காது. மெலியாய்டோசிஸ் என்று பெயர். அது எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. "புள்ள மண்ணுக்குப் படிக்குது" என்று அம்மா சுருக்கிவிட்டாள்.

வேலை எளிதானது. வயலில் ஓரடி ஆழத்துக்குத் துளை போட வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, டேப்பின் மேல் பாதியும் பையின் மேல் பாதியுமாகக் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது இடையில் திறந்தால் தெரிந்துவிடும். இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்வதற்கு எங்கள் டெல்டாவைவிட வம்பான இடம் கிடையாது. இங்கே துளை போடுகிறவன் என்றால் எண்ணெய் எடுக்க வந்தவன். பதினைந்து வருடமாகப் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடிய ஜனங்களிடம் போய், இரும்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா கிருமி பார்க்கத்தாங்க" என்றால் யார் நம்புவார்கள்?

ஐப்பசியில் ஒரு நாள், நாற்பத்தோராவது பையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் வரப்பில் வந்து நின்றார். இளையபெருமாள். ஐம்பத்தெட்டு வயது, ஊர்ப் போராட்டக் குழுவின் தலைவர். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமினார்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"கம்பெனி இல்லீங்கய்யா. யுனிவர்சிட்டி."

"எல்லாவனும் மொதல்ல அப்புடித்தான் சொல்லுவான்." பையை வாங்கிப் பார்த்தார். அதில் அவருடைய பெயரும் சர்வே நம்பரும் என் கையெழுத்தில் இருந்தன. எழுதச் சொன்னவர் என் நெறியாளர் இராஜாங்கம் சார். "கிருமி பாக்க வந்தவளுக்கு என் சர்வே நம்பர் எதுக்கு?"

"எங்க சார் எழுதச் சொன்னாருங்க" என்றேன். நாற்பத்தொரு பைகளும் இருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து வாரத்து வேலை. சாக்கு நேராகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மேசைமேல் சாட்சியாக ஏறியது. அங்கிருந்து மனுவோடு சேர்த்து ஏதோ ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை அதிகாரி இருந்தார், சாக்கைக் காணவில்லை. மூன்றாம் முறை இரண்டும் இருந்தன. "மனுதாரர் குடுத்த பொருளும்மா. அவரு எழுதிக் குடுத்தா தந்துடுவோம்" என்றார்கள். வாசலில் வந்து நின்று அழுதேன். துக்கம் இல்லை, எரிச்சல்.

மனுதாரரிடம் கையெழுத்து வாங்கப் போனால், அவர் கட்டிலில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார். அவர் மனைவி அம்சம் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா காய்ச்சல் நிக்கலம்மா. டிபி மாத்திரை குடுத்தாங்க. ஒரு வேளை தவறாம சாப்புடுறாங்க. சளியில கிருமி இல்லங்குறாங்க, போட்டோல நெஞ்சுல நெழல் இருக்குங்குறாங்க."

"சர்க்கரை இருக்குங்களாம்மா?"

"பத்து வருசமா."

போர்வைக்கு வெளியே அவர் வலது கால் நீட்டியிருந்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மூன்று வருடமாகப் புத்தகத்தில் படித்த நோயாளி என் எதிரில் படுத்துக்கொண்டு என்னை முறைக்கிறார்.

இது காசநோயாக இல்லாமல் இருக்கலாம், ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும், வேறு மருந்து இருக்கிறது, இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் கிருமி எங்கேருந்து வரும்?"

"மண்ணுலேருந்துங்கய்யா."

"அப்ப என் மண்ணு கெட்ட மண்ணுன்னு எழுதுவ."

"அப்படி எழுத மாட்டேங்க..."

"நீ எழுத மாட்ட. நீ எழுதுறத வச்சு இன்னொருத்தன் எழுதுவான். வெளைச்சலுக்கு ஆகாத நெலம்னு ஒரு தாள் வந்துச்சுன்னா, அடுத்து மிஷினு வரும்." இருமல் அடங்கக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா அடுத்தவன் வயல்ல அடிவாங்கி வேலை செஞ்சு, கடைசில இந்த நாலரை மா நெலத்த எழுதி வாங்குனாரு. ரத்தமும் கெடையாது, சாக்கும் கெடையாது. கெளம்பு."

என் அப்பாவும் அப்படி வாங்கிய நிலம்தான் முத்துப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு இருக்கிறது. இளையபெருமாள் சொல்வது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஊர் பெயர் எழுத மாட்டேன், நம்பர் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இராஜாங்கம் சாருக்குப் போன் செய்தேன். "நமக்கு அனுமதி மண்ணுக்கு மட்டும்தாம்மா. மனுஷனுக்கு இல்ல. டாக்டர் வேலைய டாக்டர் பாக்கட்டும்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. விதிப்படி இளையபெருமாள் இன்னும் இரண்டு வாரத்தில் செத்துப்போவார்.

ஐந்தாம் நாள் அம்சம் போன் செய்தார். "உடனே வாம்மா. ஆஸ்பத்திரிக்கு வரேங்குறாங்க."

ஓடினேன். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அவர் மனுவுக்கு அந்த அலுவலகம் அனுப்பிய பதில். எண்ணெய்த் துளை பற்றி ஒரு வரிகூட இல்லை. 'தாங்கள் சமர்ப்பித்த மண் மாதிரி ஆய்வு செய்யப்பட்டது. மண் வளம் நன்று. தழைச்சத்து மட்டும் குறைவு. ஏக்கருக்கு 22 கிலோ யூரியா இடவும்.' கீழே கையெழுத்து, முத்திரை.

கேட்டது ஒன்று, வந்த பதில் இன்னொன்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவரோ கலெக்டரே நேரில் வந்து சொன்னது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கவர்மெண்டே நல்ல மண்ணுன்னு சீல் வச்சுக் குடுத்துட்டான். இனிமே எவன் என்ன எழுதுனாலும் இதக் காட்டுவேன். நீ ரத்தம் எடுத்துக்க. ஊர் பேரு மட்டும் வரக்கூடாது."

அன்று மதியமே தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தொல்லை அதோடு விடவில்லை. மூன்றாம் நாள் பரிசோதனைக்கூடத்தில், "வெளியிலேருந்து விழுந்த கிருமி மாதிரி இருக்கு. கிருமி வளத்த தட்டைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ரத்தம் எடுக்கலாம்" என்றார்கள். இந்தக் கிருமியைப் பார்க்கிற இடத்திலெல்லாம் நடக்கும் தப்பு இது. குப்பைத் தொட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்று கத்தினேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. சரியான சோதனையைப் போட்டார்கள். நான் நினைத்ததே வந்தது. மருந்தை மாற்றினார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பத்தாம் நாள் கண்ணைத் திறந்து, "யூரியா போட்டாச்சா?" என்று அம்சத்திடம் கேட்டாராம்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய்ச் சாக்கை வாங்கினேன். ஒரு மேசைக்கு அடியில், நான் கட்டிய கயிற்றோடு கிடந்தது. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு பைகள், நாற்பத்தொரு டேப்புகள். என் கையெழுத்து ஒன்றில்கூடக் கிழியவில்லை. ஒரு பையையும் யாரும் திறக்கவே இல்லை.

திறக்காத மண்ணுக்கு வளம் நன்று! அப்புறம் இன்னொன்று உறைத்தது. அந்தப் பொய்த்தாள் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்த மனிதர் இன்று இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பைகளைத் திறந்து, மண்ணைத் தட்டுகளில் வளர்க்கப் போட்டேன். நாலாம் நாள், நாற்பத்தொன்றாம் பையின் தட்டில் ஊதா நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக அது வளர்ந்திருந்தது. அவர் ரத்தத்தில் இருந்த அதே கிருமி.

தையில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்திருந்த ரப்பர் பூட்ஸ் விலை ஒட்டுகூடக் கிழியாமல் வாசலில் நின்றது. உள்ளே காலண்டருக்குப் பக்கத்தில் அந்தத் தாள், லேமினேட் செய்து தொங்கியது. அவர் பின்பக்கமாக வந்தார், வெறுங்காலோடு, முழங்கால்வரை சேறாக.

"புண்ணு இன்னும் ஆறலியேய்யா! உங்க வயல்ல அந்தக் கிருமி இருக்கு. இப்ப நானே பாத்துட்டேன். பூட்ஸ் எங்க?"

"சேத்துல பூட்ஸ் நிக்கும்மா, காலு மட்டும் வெளிய வந்துடும்." சுவரைக் காட்டினார். "அதுல கிருமின்னு ஒண்ணும் போடலியே."

அந்தத் தாளின் கதையைச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "அது உரத்துக்குங்கய்யா. காலுக்கு இல்ல" என்றேன்.

"அப்ப காலுக்கு நீ ஒண்ணு எழுதிக் குடு. சீலோட."

மறு வாரம் துறையின் தாளில் தட்டச்சு செய்தேன்: 'காலில் புண் ஆறும்வரை வயலில் இறங்கக் கூடாது.' இராஜாங்கம் சார் முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். இப்போது அது காலண்டருக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. அன்றிலிருந்து அவர் வரப்பிலேயே நின்று கத்தி வேலை வாங்குகிறார் என்று அம்சம் போனில் சொன்னார்.

இந்த மூன்று வருடத்தில் நான் எழுதியதில் ஒரு மனிதர் படித்து அதன்படி நடந்தது அந்த ஒரு வரிதான்.